சும்மா இருக்கும் கிண்ணம்

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆசிரியராகப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். அங்கன்வாடியில் இப்போதுதான் சேர்ந்தவர்களும், மழை விடாத நாளில் பிள்ளையை வீட்டுக்குள் எப்படிச் சமாளிப்பது என்று விழிக்கும் இளம் பெற்றோரும் படிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிடும். பிள்ளைகளை வெளியே விட முடியாது. அந்த நாட்களில்தான் என் வகுப்பில் பூ வந்து மேசைமேல் உட்காரும். ஆய்வகம் தேவையில்லை. ஐந்து கிண்ணம், ஒரு எலுமிச்சம்பழம், பழைய செய்தித்தாள், பூ. வேலைக்கு வந்த புதிதில் யாராவது சொல்லித் தந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று நான் நினைத்தவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எந்தப் பூ ஆகாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அரளி வேண்டவே வேண்டாம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எதுவானாலும் பூ, இலை, காம்பு, விதை எல்லாமே நஞ்சு. பூசைக்குக் கட்டி வருகிற மாலையில் அரளி இருக்கும், பார்த்து எடுத்துவிடுங்கள். ஊமத்தை, செங்காந்தள், நித்தியகல்யாணி மூன்றும் வகுப்புக்குள் வரக்கூடாது. எருக்கம்பூவைப் பிள்ளைகள் வழியில் பறித்துக்கொண்டு வருவார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கடை ரோஜாவுக்கு மருந்து அடித்திருப்பார்கள், தண்ணீரில் அலசிவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். எந்தப் பூவும் வாய்க்குப் போகக்கூடாது, வேலை முடிந்ததும் எல்லாரும் கை கழுவ வேண்டும். இந்த இரண்டு விதியையும் முதல் நாளே பிள்ளைகள் வாயாலேயே சொல்ல வையுங்கள். வெந்நீரும் பிளேடும் பெரியவர் கையில் மட்டுமே இருக்கட்டும்.

2. பூவைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

இதுதான் கஷ்டமான அறிவுரை. ஆசிரியர் பயிற்சியில் நம்மைப் பேசப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் ஒற்றைச் செம்பருத்தி இருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வேறு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், அதில் உறுப்புகள் குழம்பிக் கிடக்கும். ஐந்து இதழ் உள்ள ஒற்றைச் செம்பருத்தியே வேண்டும். ஆளுக்கு ஒன்று, அல்லது இரண்டு பேருக்கு ஒன்று. செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். அடியில் பச்சைக் கிண்ணம். அதற்கும் கீழே மெல்லிய பச்சை நார்களாகச் சின்ன இலைகள். பிறகு ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து முறுக்கிக்கொண்டிருக்கும் இதழ்கள். இதழை இழுத்தால் விரல் வழவழக்கும், பிள்ளைகள் "கொழகொழன்னு இருக்கு" என்பார்கள். நடுவில் நீண்டு நிற்கும் தண்டைச் சுற்றி மஞ்சள் பொடி ஏந்திய நூல்கள். தண்டின் நுனியில் வெல்வெட்டுத் துணியில் செய்தாற்போல ஐந்து சிவப்புப் புள்ளிகள்.

அந்த மஞ்சள் பொடியை விரல் நுனியில் தொட்டு, கைக்கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பருத்தியின் மகரந்தம் பெரியது. ஒரு மணியின் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் வெறும் கண்ணுக்கே தனித்தனி மணியாகத் தெரியும். கைக்கண்ணாடியில் உருண்டை உருண்டையாகத் தெரியும். நுண்ணோக்கி கிடைத்தால் அதன்மேல் முள் முளைத்திருப்பதும் தெரியும். அடியில் உள்ள சூல்பையை நீங்கள் பிளேடால் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். ஐந்து அறை, உள்ளே வெள்ளை மணிகள்.

யாராவது ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் இதழை எண்ணிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அவளுக்கும் அஞ்சு" என்று கத்தும். அதற்காகத்தான் காத்திருக்கிறோம். இதழ் ஐந்து, நுனிப் புள்ளி ஐந்து, அறை ஐந்து. அதை நீங்கள் சொல்லிவிட்டால் அது வெறும் தகவல். பிள்ளை எண்ணிச் சொன்னால் அது அந்தப் பிள்ளையின் கண்டுபிடிப்பு. புல்லிவட்டம், அல்லிவட்டம், சூலகம் எல்லாம் பெரிய வகுப்பில் வரும்போது வரட்டும்.

3. நிறம் மாறும் சோதனையில் ஒரு கிண்ணத்தைத் தொடாமல் வையுங்கள்.

எல்லாருக்கும் பிடித்த சோதனை இது. நீலச் சங்குப்பூ பத்தை ஒரு தம்ளர் வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். கருநீலமாக இறங்கும். ஆறியதும் வடிகட்டி ஐந்து கண்ணாடி தம்ளரிலோ வெள்ளைக் கிண்ணத்திலோ பிரித்து ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் துணி சோப்புக் கரைசல், ஒன்றில் சமையல் சோடா, ஒன்றில் சர்க்கரை. ஐந்தாவது சும்மா இருக்கட்டும்.

எலுமிச்சை விழுந்ததும் நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். துணி சோப்பில் பச்சை. சமையல் சோடாவில் நீலம் மெல்லப் பச்சையைத் தொடும், அவசரப்படாமல் பார்க்க வேண்டும். சர்க்கரையில் ஒன்றும் நடக்காது. அந்த 'ஒன்றும் நடக்காது' மிக முக்கியம். மாறாததும் ஒரு விடைதான் என்று பிள்ளைக்குப் புரிய வேறு வழி இல்லை. ஐந்தாவது கிண்ணம் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே அதை எடுத்து மற்றவற்றின் பக்கத்தில் வையுங்கள். "எது மாறுச்சு, எது மாறலைன்னு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். முதலில் எப்படி இருந்தது என்பதைப் பிள்ளையின் நினைவு காப்பாற்றாது, அந்தக் கிண்ணம் காப்பாற்றும். பெரிய ஆய்வகங்களில் மருந்தைச் சோதிப்பவர்களும் இந்தச் சும்மா இருக்கும் கிண்ணத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் ஊகிக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் முதலில் பேசும் பிள்ளையின் விடையையே எல்லாரும் சொல்வார்கள். அதனால் ஆளுக்கு ஒரு கிரேயான் எடுத்துத் தன் தாளில் வட்டம் வரைந்து, வரப்போகும் நிறத்தைத் தீட்டட்டும். ஊகம் தப்பானால் அழித்துத் திருத்த விடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு, உண்மையில் வந்த நிறத்தைத் தீட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் சமையல் சோடா கிண்ணத்தில் எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள். நுரைத்துப் பொங்கும், போன நிறம் திரும்பி வரும். கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றியிருந்தால் மேசை நாசம்தான்.

உங்களுக்கு மட்டும் சில விவரம். இந்த நிறத்துக்குக் காரணம் அந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம் காட்டும். ராபர்ட் பாயில் 1664-ல் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், வயலட் பூச் சாறு புளிப்பில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் எழுதி வைத்தார். ஏறக்குறைய அதையேதான் நம் பிள்ளைகள் செய்கிறார்கள். பெரிய வகுப்பில் லிட்மஸ் தாள் வரும்போது அவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அதுவே காரமாக இருக்கும். சங்குப்பூவுக்குப் பதில் செம்பருத்தியை எடுத்தால், அதன் சாறு அந்தத் தண்ணீரில் ஆரம்பத்திலேயே கறுத்துப் பச்சை கலந்துவிடும். கேன் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு சிலவற்றில் நிறம் மாறவே மாறாது, துணி சோப்புதான் நம்பகமானது. வெற்றிலைச் சுண்ணாம்பு அழகான பச்சை தரும், ஆனால் கண்ணில் பட்டால் வெந்துவிடும். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

4. வெந்நீர் இல்லாத நாளில் செம்பருத்தித் தாள்.

செம்பருத்தி இதழை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் நீலமும் ஊதாவும் கலந்த கறை விழும். காய்ந்ததும் அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சை, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர். ஒன்று இளஞ்சிவப்பு, மற்றது பச்சை. மூன்று வயதுப் பிள்ளையும் தானே செய்யலாம். தாளை வெயில் படாமல் நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சில நாளில் வெளுத்துவிடும். புளித்தண்ணீர், மோர், உப்புத்தண்ணீர் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் சொட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்பினால், மறுநாள் வகுப்பே பேசும்.

5. காகிதப்பூவில் ஏமாறாதீர்கள்.

நிறம் அடர்த்தியாக இருக்கிறதே என்று காகிதப்பூவை எடுத்து எலுமிச்சை பிழிந்தால் ஒன்றும் ஆகாது. அதில் இருப்பது பீட்ரூட்டில் உள்ள நிறமியின் இனம், பீட்டாலைன். அந்திமந்தாரையிலும் அதே. அதற்காக இதைத் தள்ளிவிட வேண்டாம். எல்லாப் பூவும் ஒரே மாதிரி இல்லை என்று காட்டச் சங்குப்பூவின் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். நாம் பூ என்று நினைக்கும் அந்த வண்ண ஏடுகள் உண்மையில் இலைகள். நடுவில் சிறிய வெள்ளைக் குழல்களாக நிற்பவைதான் பூ.

6. தண்ணீர் ஏறுவதைக் காசித்தும்பையில் தொடங்குங்கள்.

பல புத்தகங்களில் வெள்ளைப் பூவைச் சாயத் தண்ணீரில் வைக்கச் சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் பூவில் நிறம் வர நேரம் எடுக்கும், சின்னப் பிள்ளை மறந்துவிடும். காசித்தும்பையின் தண்டு கண்ணாடி மாதிரி ஒளி புகக்கூடியது. சிவப்பு மை கலந்த தண்ணீரில் வைத்தால், சாயம் கோடு கோடாக மேலே ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிள்ளையை அனுப்பி, எட்டியிருக்கும் உயரத்தில் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள்.

அதைப் பார்த்த பிறகு சம்பங்கிக்குப் போகலாம். மாலைக்கு வரும் உதிரிச் சம்பங்கிக்குக் காம்பு இருக்காது. பூக்கடையில் குச்சியோடு கேட்டு வாங்குங்கள். வெள்ளைச் சாமந்தியும் ஆகும். கால் தம்ளர் தண்ணீரில் உணவுச் சாயம் நன்றாக அடர்த்தியாக இருக்க வேண்டும். வெளிறிய சாயத்தில் வெளிறிய ஏமாற்றம்தான் மிஞ்சும். கோலப்பொடி கரையாது, அடியில் தங்கிவிடும். காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டுங்கள். வெளியில் வெட்டினால் குழாய்க்குள் காற்று புகுந்து தண்ணீரை மறித்துவிடும்.

காலையில் வைத்தால் பள்ளி விடுவதற்குள் இதழில் தெரிய ஆரம்பிக்கலாம், மறுநாள் காலையில் நிச்சயம். பெரும்பாலும் இதழின் ஓரத்தில்தான் முதலில் நிறம் கூடும். பிறகு காம்பைக் குறுக்கே வெட்டி வெட்டுமுகத்தைக் காட்டுங்கள், சாயம் ஏறிய குழாய்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

"பூ தண்ணி குடிக்குது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். மறுக்காதீர்கள். "குடிக்க வாய் எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். அடுத்த நாள் இரண்டு சம்பங்கி எடுத்து, ஒன்றை மின்விசிறிக்குக் கீழேயும் ஒன்றை மூடிய அலமாரிக்குள்ளும் வையுங்கள். விசிறிக்குக் கீழே உள்ளதில் சாயம் வேகமாக ஏறும். பூவிலிருந்தும் இலையிலிருந்தும் நீர் ஆவியாகப் போகப் போக, கீழிருந்து தண்ணீர் இழுபட்டு மேலே வருகிறது. ஈரத்துணி காற்றில் சீக்கிரம் காய்வதைப் பிள்ளைகள் வீட்டில் பார்த்திருக்கிறார்கள், அங்கிருந்து அவர்களே வந்து சேர்வார்கள்.

காம்பைப் பாதிவரை இரண்டாகப் பிளந்து இரண்டு நிறத் தண்ணீரில் வைக்கும் வித்தை கண்ணுக்கு அழகு. ஆனால் முதல் நாளே அதைச் செய்யாதீர்கள். ஒரு நிறம் ஏன் ஏறியது என்றே யோசிக்காத பிள்ளைக்கு இரண்டு நிறம் வெறும் வேடிக்கை.

7. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நம் பெண்கள் மல்லிகைச் சரத்தை வாழையிலையில் சுற்றி வைப்பது ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பிறகு சோதித்துப் பாருங்கள். ஒரே பூக்காரம்மாவிடம், ஒரே நேரத்தில், ஒரே அளவுச் சரம் இரண்டு வாங்குங்கள். ஒன்று தட்டில் திறந்து கிடக்கட்டும். ஒன்று மூடிய டப்பாவில். இரண்டும் ஒரே அறையில் இருக்க வேண்டும். ஒன்று சன்னல் ஓரத்திலும் ஒன்று மேசையடியிலும் இருந்தால், வாடியதற்கு வெயில் காரணமா மூடி காரணமா என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது புரியும், "அது போங்கு டீச்சர்" என்று அவர்களே சொல்வார்கள். விளையாட்டில் போங்கு எது என்று தெரிந்த பிள்ளைக்குச் சோதனையிலும் தெரியும்.

கொட்டாங்குச்சியில் தராசு கட்டுங்கள். வைப்பதற்கு முன் இரண்டு சரமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒன்றிரண்டு பூவைக் கிள்ளிச் சமன்செய்யுங்கள். மறுநாள் தராசில் வைத்தால் திறந்து கிடந்த சரம் மேலே போகும். முழம் போட்டால் இரண்டும் அதே நீளம். போனது என்ன என்று கேளுங்கள். ஈரத்துணியில் சுற்றி இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், துணியின் ஈரம் பூவில் ஒட்டித் தராசை ஏமாற்றிவிடும்.

இன்னொன்று. மல்லிகை மொட்டைக் காலையில் பறித்தாலும் சாயங்காலம்தான் விரியும். கொஞ்சம் மொட்டைக் குளிர்ப்பெட்டியிலும் கொஞ்சத்தை வெளியிலும் வைத்தால், வெளியில் உள்ளது விரிந்துவிடும், குளிரில் உள்ளது மொட்டாகவே காத்திருக்கும். வீட்டில் செய்துவிட்டு வரச் சொல்ல ஏற்ற வேலை. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போவது மொட்டாகத்தான் என்பதையும் சொல்லுங்கள். பூ வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அன்று அந்தப் பிள்ளைதான் ஆசிரியர். நீங்கள் கீழே உட்கார்ந்து கேளுங்கள்.

8. மூக்குக்கும் வேலை கொடுங்கள்.

மூடியில் துளையிட்ட டப்பாக்களில் மல்லிகை, துலுக்கச் சாமந்தி, ரோஜா, மரிக்கொழுந்து. ஒன்று காலி டப்பா. காலி டப்பாவிலும் மணம் வருகிறது என்று சில பிள்ளைகள் சொல்வார்கள், சிரிக்க விடாதீர்கள். நினைப்பு மூக்கை எப்படி மாற்றுகிறது என்பதும் அறிவியல்தான். வீசிங் உள்ள பிள்ளை யார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஆயுத பூசை முடிந்ததும் மாலையைக் குப்பையில் போடாதீர்கள்.

துலுக்கச் சாமந்தி ஒன்றை எடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். இதழ் என்று இழுத்தால் ஒவ்வொரு இதழின் அடியிலும் ஒரு குச்சி வரும். அந்தக் குச்சி விதையாகப் போகும் பகுதி. அதாவது, ஒவ்வொரு 'இதழும்' ஒரு தனிப் பூ. ஒரு பூவுக்குள் இத்தனை பூ என்று தெரியும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். சூரியகாந்தியும் இதே குடும்பம்தான்.

வாடிய பூவில் கறுத்துக் கெட்டியாக இருக்கும் விதை ஒரு பக்கம், வெளுத்துச் சப்பையாக இருப்பது ஒரு பக்கம் என்று பிரிக்கட்டும். இரண்டையும் தனித்தனி ஈரத்துணியில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் கறுத்தது முளைவிடும், சப்பை அப்படியே கிடக்கும். முளைத்ததைக் கொட்டாங்குச்சியில் மண் போட்டு நட்டுச் சன்னல் ஓரம் வைத்து, பிறகு தரைக்கு மாற்றினால் பொங்கலையொட்டிப் பூக்கும்.

10. பூசணிக்கொடி உள்ள வீடு இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

காலையிலேயே பறித்து வரச் சொல்லுங்கள், உச்சிக்கு முன் பூ கூம்பிவிடும். நீண்ட காம்போடு ஒன்று, அடியில் குட்டிப் பூசணியோடு ஒன்று. ஆண்பூ, பெண்பூ என்று எந்தப் படமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. பெண்பூ பறித்தால் ஒரு காய் போகும், அதனால் ஒன்று போதும்.

11. "மந்திரம்" என்று சொல்லாதீர்கள்.

நிறம் மாறியதும் கைதட்டி, "பார், மேஜிக்!" என்று சொல்ல வாய் வரும். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. மந்திரம் என்றால் காரணம் கேட்கக்கூடாது என்று பொருள். பிள்ளை அத்தோடு நிறுத்திவிடும். அதற்குப் பதில் "இன்னொரு தடவை செஞ்சா இதே வருமா?" என்று கேளுங்கள். திரும்பச் செய்யுங்கள். காரணம் கேட்டு உங்களுக்குத் தெரியவில்லை என்றால், தெரியாது, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி மறுநாள் சொல்லுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழைப் பள்ளிக்கு வரவழைத்துக்கொண்டால் உங்களுக்கும் உதவும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கும் உதவும்.

12. வரைந்ததைத் திருத்தாதீர்கள்.

ஐந்து இதழை ஆறாக வரைந்திருந்தால் பூவை மறுபடி கையில் கொடுங்கள். சிவப்பு மை வேண்டாம்.

13. சங்குப்பூ விதையை இப்போதே எடுத்து வையுங்கள்.

பூ வாங்க வழியில்லாத ஊரிலும் வேலியில் சங்குக்கொடி படரும். காய்ந்த நெற்றை எடுத்து, விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். ஏப்ரலில் ஊன்றினால் ஜூனில் பள்ளி திறக்கும்போது பூ கிடைக்கும். விடுமுறையில் தண்ணீர் ஊற்றப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரிடமாவது சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.